கைராசி அல்ல, கதகதப்பு!

- மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் துறை

‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?’ என்று கேட்கிறது நம் ஊர்ப் பழமொழி. சாகாதுதான். தாய்க்கோழி எத்தனை தடவை மிதித்தாலும் குஞ்சு எழுந்து உதறிக்கொண்டு ஓடிவிடும். ஆனால் அதே குஞ்சு ஒரே ஒரு குளிர்ந்த ராத்திரியில் செத்துப்போகும். அதைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதால்தான் இந்தக் கட்டுரை.

“பேரவை மலரில் போய்க் கோழியா?” என்று தோழிகள் சிரிப்பது காதில் விழுகிறது. கவிதை எழுத ஆள் இருக்கிறது. கம்ப்யூட்டர் பற்றியும் செயற்கை நுண்ணறிவு பற்றியும் எழுத ஆள் இருக்கிறது. கோழிக்கு யார் இருக்கிறார்கள்? நம்மில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் முட்டை சாப்பிட்டு வளர்ந்தவர்கள். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்த ஏற்பாடு, 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்று ஆனது. அந்த முட்டைக்காவது ஒரு கட்டுரை எழுத நாம் கடமைப்பட்டவர்கள் இல்லையா?

சிரிப்பு போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

பொன்மலையும் ஊட்டிதான்!

திருச்சி என்றாலே வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி சர்வசாதாரணம். “குளிரா? நம்ம ஊர்லயா?” என்று கேட்போம். மார்கழி விடியற்காலையில் கூட இங்கே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நமக்கு அது ஒரு போர்வைக் குளிர். அவ்வளவுதான்.

ஆனால் முட்டையை உடைத்துக்கொண்டு நேற்று வெளியே வந்த குஞ்சைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு முதல் வாரத்தில் தன்னைச் சுற்றி 35 டிகிரி சூடு வேண்டும். இரண்டாம் வாரத்தில் 32, மூன்றாம் வாரத்தில் 29 என்று வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். காரணம் என்ன? குஞ்சின் உடம்பில் இருப்பது வெறும் பஞ்சு போன்ற தூவி. இறகு முளைத்து மூடுகிற வரைக்கும் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. 35 டிகிரி கேட்கிற உயிரை 20 டிகிரியில் விட்டால் 15 டிகிரி பள்ளம். வெயிலில் கிடக்கிற மனிதனைத் திடீரென்று மலை உச்சியில் ராத்திரி முழுவதும் சட்டையில்லாமல் நிறுத்தியது போலத்தான். ஒருநாள் குஞ்சுக்குப் பொன்மலையும் ஊட்டிதான்!

சின்ன வயதில் கலர் கோழிக்குஞ்சு வாங்காதவர் நம்மில் யாராவது உண்டா? பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் ஏற்றிக் கூடையில் கொண்டு வருவார்கள். முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் அவை. முட்டையும் போடாது, சீக்கிரம் கறியும் வைக்காது என்பதால் குஞ்சு பொரிப்பகத்துக்காரர்கள் கழித்துவிடுவது. அடம்பிடித்து வாங்கி, அட்டைப்பெட்டியில் போட்டு, அரிசி தூவி, பெயரெல்லாம் வைத்துவிட்டுத் தூங்குவோம். காலையில் விறைத்துக் கிடக்கும். “சாயத்துல செத்துப்போச்சு” என்பார்கள் வீட்டில். சாயத்தை நான் நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டைப்பெட்டிக்குள் ராத்திரி எவ்வளவு சூடு இருந்தது என்று யாருமே கேட்டதில்லை. பெரும்பாலும் அந்தக் குஞ்சுகளைக் கொன்றது குளிர்தான்.

பெட்டியில் வந்த குஞ்சு

என் அம்மாவுக்கு ஊர் மணப்பாறைப் பக்கம். எங்கள் அம்மாச்சி வீட்டில் கோழி இல்லாத நாளே கிடையாது. கோழி அடைக்கு உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு முட்டை வைப்பார்கள். இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்புத் துண்டும் கூடையில் போடுவார்கள். ஏழெட்டு நாள் கழித்து முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையைக் கழிப்பார்கள். 21-ம் நாள் குஞ்சு. அதற்கு அப்புறம் எல்லாம் தாய்க்கோழியின் பாடு. அதன் உடம்புச் சூடு 41 டிகிரி. ராத்திரி பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தால் குஞ்செல்லாம் இறக்கைக்குள் அடங்கிவிடும். அங்கே யாருக்கும் டிகிரி கணக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கோழிக்குத் தெரிந்திருந்தது.

கல்யாணமாகிப் பொன்மலைப்பட்டிக்கு வந்தபிறகு அம்மா முதல் தடவையாகச் சொந்தமாகக் கோழி வளர்க்க ஆசைப்பட்டார். அப்பாவுக்கு காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. வேலை இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. நாங்கள் இருப்பது வாடகை லைன் வீடு. பின்னால் துணி காயப்போடுகிற அளவுக்குக் கொஞ்சம் இடம். அம்மா சேர்த்து வைத்த காசில் 20 குஞ்சு வாங்கினார். அது மார்கழி மாதம். குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் வந்தன. தாய்க்கோழி வரவில்லை.

ஒரு வாரத்தில் 14 குஞ்சு போய்விட்டது. மிச்சம் ஆறும் அடுத்த வாரம் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தொங்கப்போட்டன.

பக்கத்து வீட்டு அக்கா ஆறுதலாகத்தான் சொன்னார். “ஒனக்கு இதுல கைராசி இல்ல போலருக்கு, விட்டுத்தள்ளு.” இன்னொருவர் வாசல் சரியில்லை என்றார். மூன்றாமவர் கண்ணேறு என்றார். அம்மா எல்லாவற்றையும் நம்பினார். இரண்டு வருஷம் கோழி என்ற பேச்சையே எடுக்கவில்லை. 20 குஞ்சு போனதைவிட அந்த இரண்டு வருஷம் போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

ஏனென்றால் கோழிப்பணம் வேறு பணம் மாதிரி இல்லை. அப்பாவின் கூலி வாடகைக்கும் அரிசிக்கும் கடனுக்கும் வாசலிலேயே பங்கு பிரிந்துவிடும். முட்டை விற்ற காசும், பொங்கலுக்குச் சேவல் விற்ற காசும் அஞ்சறைப் பெட்டிக்குள் போகும். அதற்குச் சிறுவாடு என்று பெயர். அதற்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். என் பரீட்சைக் கட்டணத்தில் இரண்டு செமஸ்டர் இந்தச் சிறுவாட்டில் கட்டியது. ஒரு பெண்ணைப் பார்த்து “உனக்குக் கைராசி இல்லை” என்று சொல்வது, அவள் கையில் இருக்கிற ஒரே ஒரு சாவியைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி.

அறுபது வாட் தாய்க்கோழி

மின்சாரம் கம்பி வழியாகப் போகும்போது உண்டாகும் வெப்பத்துக்கு ஜூல் விதி என்று நாம் படிக்கிறோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்குகிறோம். அந்த விதி ஒரு கோழிக்குஞ்சைக் காப்பாற்றும் என்று புத்தகத்தில் போடவில்லை. நான் போடுகிறேன்.

தாய் இல்லாத குஞ்சுக்கு, ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 25 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு தாராளம். கவனியுங்கள், குண்டு பல்பு! இன்றைக்கு எல்லார் வீட்டிலும் எல்.இ.டி. வந்துவிட்டது. அது நல்லதுதான். ஆனால் 9 வாட் எல்.இ.டி. வெளிச்சம் தருமே தவிர குஞ்சுக்குச் சூடு தராது. பழைய இழை பல்போ, இழுக்கிற மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சூடாகவே விட்டுவிடும். விளக்குக்கு அது குறை. குஞ்சுக்கு அதுதான் வரம். “பல்பு எரிஞ்சுதே, அப்புறமும் ஏன் செத்துச்சு?” என்று கேட்கிறவர்கள் முதலில் எந்த பல்பு என்று பார்க்க வேண்டும்.

தகரத்தையோ கெட்டி அட்டையையோ வட்டமாக வளைத்துத் தடுப்பு வையுங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கும். அதனால் வட்டம். கீழே இரண்டு அங்குலம் உமி. பல்பை ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு வாராவாரம் கொஞ்சம் உயர்த்துங்கள். வெறும் ஒயரில் தொங்கவிடக் கூடாது. பீங்கான் ஹோல்டர் போட்டு, சங்கிலியில் கட்டி, சுற்றிலும் கம்பி வலை வைக்க வேண்டும். பல்பு உமியில் விழுந்தால் கோழியோடு வீடும் போகும். கரண்ட் போனால் என்ன செய்வது? வெந்நீரை பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி நடுவில் வையுங்கள். மூடிய அறையில் கரியடுப்பு மட்டும் வேண்டாம், அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், மனிதனையும் கொல்லும்.

செலவு? முதல் வாரம் இரவும் பகலும் எரித்தால் 10 யூனிட். அடுத்த இரண்டு வாரம் இரவு மட்டும் எரித்தால் இன்னொரு 10 யூனிட். ஆக 20 யூனிட். வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினாலும் 160 ரூபாய். 25 உயிருக்கு 160 ரூபாய்!

சரி, சூடு போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெர்மாமீட்டர் இருந்தால் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கிடந்தால் குளிர். பல்பை விட்டு ஓடித் தடுப்போரம் வாயைப் பிளந்து நின்றால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் எல்லாம் சரி. இரண்டாம் தடவை நாங்கள் 25 குஞ்சு வாங்கியபோது நான் கொண்டுபோனது பல்பும் ஒயரும்தான். மற்றதெல்லாம் அம்மா. ராத்திரி கீச்சுச் சத்தம் கூர்மையாகக் கேட்டால், “பாப்பா, அதுங்களுக்குக் குளுருது, பல்ப எறக்கு” என்பார். தெர்மாமீட்டரைப் பார்த்தால் அம்மா சொன்னது சரியாக இருக்கும். குருணையோடு, பழைய பானையில் காய்ந்த சாணியும் சாக்கும் போட்டுத் தண்ணீர் தெளித்து ராத்திரி கவிழ்த்து வைத்து, காலையில் கரையான் பிடித்துக் கொடுத்தவரும் அம்மாதான். அந்தப் பாடம் எந்தப் பாலிடெக்னிக்கிலும் இல்லை.

25-ல் 22 தேறின. ஒன்றைக் காக்கை தூக்கியது. இரண்டு பிறவியிலேயே நோஞ்சான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இப்போது அக்கம்பக்கத்தில் யார் அடை வைத்தாலும் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். “நீங்க வந்து ஒரு முட்டய எடுத்து வைங்க, ஒங்களுக்குத்தான் கைராசி!” அதே கை. அதே வாசல். மாறியது 60 வாட்!

உலகம் சொல்லும் பாடம்

எகிப்து நாட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே மண்ணால் சூளை கட்டி, அதில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரித்தார்கள். தெர்மாமீட்டர் இல்லாத காலம். முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்துச் சூட்டை அளப்பார்களாம். பரம்பரை பரம்பரையாக அந்தத் தொழிலைக் காப்பாற்றியது ராசி இல்லை, அந்த இமைதான்.

உண்மையான குளிர் தேசம் கனடா. நம் தமிழர்கள் பல பேர் அங்கே வாழ்கிறார்கள். அங்கே பெரிய கோழிகளுக்கு உடம்பு இறகால் மூடியிருப்பதால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பெரிய கொண்டை இருந்தால் அது பனியில் உறைந்து கருகிப்போகும். கியூபெக் மாகாணத்தில் ஓக்கா என்ற ஊர் மடத்துத் துறவி ஒருவர் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வருஷம் பாடுபட்டு, கொண்டையும் தாடியும் மிகச் சிறியதாக உள்ள ‘சாண்டிக்ளேர்’ என்ற இனத்தையே உருவாக்கினார். “இந்த ஊருக்குக் கோழி ராசியில்லை” என்று அவர் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

அங்கேயும் ஊட்டியிலும் சொல்கிற ஒரு பாடம் நமக்கும் பொருந்தும். வளர்ந்த கோழிக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. குளிருக்குப் பயந்து கூண்டைச் சந்து பொந்தில்லாமல் அடைத்தால் எச்சத்தின் நெடியும் மூச்சின் ஈரமும் உள்ளேயே தங்கிச் சளி பிடிக்கும். காற்று கோழியின் மேல் அடிக்கக் கூடாது, ஆனால் கூரைக்குக் கீழே வெளியேற வழி இருக்க வேண்டும். நம் ஐப்பசி மழைக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

குளிரைத் தாண்டினால் அடுத்த கண்டம் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்ற இமயமலை ஊரில் 1920-களில் கண்டறிந்ததால் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் அதற்கு நியூகாசில் என்ற ஊர்ப்பெயர். வந்தபின் மருந்து இல்லை. வருமுன் தடுப்பு மருந்து உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, அப்புறம் எட்டு வாரத்தில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடத்துகிறார்கள், இலவசம். ஒரே ராத்திரியில் கூண்டு காலியானால் “யாரோ செய்வினை வச்சுட்டாங்க” என்று சொல்வதை விட்டு, எந்தத் தேதியில் சொட்டு போட்டோம் என்று பாருங்கள்.

பட்டறையில் கைராசி உண்டா?

நாம் இருக்கும் ஊர் எப்படிப்பட்ட ஊர்! 1920-களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த ரயில்வே பட்டறை இருக்கும் ஊர். ஊட்டி மலையேறும் ரயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டிக் கொடுத்த ஊர். அங்கே ஒரு எஞ்சினில் நீராவி போதவில்லை என்றால், “இந்த ஃபிட்டருக்குக் கைராசி இல்லை” என்று யாராவது எழுதுவார்களா? எங்கே கசிகிறது, எங்கே சூடு குறைகிறது என்றுதான் தேடுவார்கள். பட்டறைக்குள் இருக்கிற இந்த புத்தி, சாயங்காலம் சங்கு ஊதி வெளியே வந்ததும் வீட்டு வாசலில் ஏன் நின்றுவிடுகிறது என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வி கோழியோடு நிற்காது. நமக்குள்ளேயும் பாருங்கள். முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்தவனை நாம் என்ன சொல்கிறோம்? “அவனுக்குப் படிப்பு ராசி இல்லடா.” வாத்தியார் இன்னும் சுருக்கமாக, “கூமுட்டை!” என்பார். அவன் யார்? தமிழ் வழியில் படித்துவிட்டு, வீட்டில் சந்தேகம் கேட்க ஒருவரும் இல்லாமல், ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தவன். பெட்டியில் வந்த குஞ்சு. அண்ணன், அக்கா படித்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு இறக்கை இருக்கிறது. இவனுக்கு முதல் மூன்று மாதம் யாராவது ஒரு பல்பைப் போட்டால் போதும், பிறகு இறகு முளைத்துவிடும். கூமுட்டை என்பது கருவே இல்லாத முட்டைக்குப் பெயர். சூடு கிடைக்காத முட்டைக்கு அந்தப் பெயரை வைப்பது அநியாயம்.

ஆகவே பேரவைக்கு என் கோரிக்கை இரண்டு.

ஒன்று: தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டங்களை நடத்தியிருக்கிறது. நல்ல காரியம். குஞ்சோடு சூட்டுக்கும் வழி சொல்ல வேண்டும். அந்த வழியை நாம் செய்யலாமே! இயந்திரவியல் தகரம் வளைக்கட்டும், மின்னியல் ஹோல்டரும் தெர்மோஸ்டாட்டும் போடட்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும் கிராமத்தில், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதோடு, பத்து வீட்டுக்குப் பத்துச் சூட்டுப்பெட்டி கொடுத்து வரலாம். போகும்போது அங்குள்ள பாட்டிகளிடம் கரையான் பானையையும் கற்றுக்கொண்டு வரலாம்.

இரண்டு: முதலாமாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் முதல் செமஸ்டர் முழுக்க மூன்றாமாண்டு மாணவர் ஒருவரைப் பேரவை ஒதுக்கித் தரட்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும். செலவு அந்த 160 ரூபாய் கூட ஆகாது.

நண்பர்களே, கைராசி என்ற சொல்லை அகராதியிலிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. நல்லது நடந்தால் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், அம்மாவுக்கும் அதைக் கேட்கப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் குஞ்சு செத்த வீட்டிலும், அரியர் வைத்தவன் முன்னாலும் அந்தச் சொல்லை எடுக்கும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

சூடு போதுமானதாக இருந்ததா?